பழவேற்காடு முகத்துவாரம் வழியாகச் சின்ன ஃபைபர் படகைக் கடலுக்குக் கொண்டுபோவது எப்படி?

நீங்கள் கேட்டது சுருக்கமாக: 28 அடி ஃபைபர் படகு, 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார், ஆள் நான்கு பேர். இதுவரை ஏரிக்குள் மட்டும்தான் தொழில். இனி முகத்துவாரம் தாண்டிக் கடலில் வலை போட வேண்டும். எந்த நேரத்தில் வெளியே போவது, எப்படிப் போவது?

கேள்வியில் பாதிதான் இருக்கிறது. வெளியே போவது சுலபமான பாதி. அலையை எதிரே பார்த்துக்கொண்டு போகிறீர்கள், படகு லேசாக இருக்கிறது, பிடிக்காவிட்டால் ஏரிக்குள்ளேயே நின்றுவிடலாம். திரும்பி வரும்போது அலை முதுகுக்குப் பின்னால் இருக்கும், படகில் மீனும் ஈர வலையும் இருக்கும், உடம்பு களைத்திருக்கும், எரிபொருள் குறைந்திருக்கும். அதனால் புறப்படும் நேரத்தைத் திரும்பும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதையொட்டித்தான்.

முதலில் அந்த இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள். தெற்கே லைட் ஹவுஸ் குப்பம் பக்கத்துக் கரை, வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவின் தென்முனை, நடுவே ஏரியும் கடலும் சந்திக்கும் வாய். கரையோரமாக மணல் ஓடிக்கொண்டே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே போகும் தெண்டி நீரோட்டம் மணலைத் தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் வடக்கிலிருந்து தெற்கே வரும் வன்னி நீரோட்டம் அதைத் திருப்பித் தள்ளும். மொத்தத்தில் வடக்கே போவதுதான் அதிகம். ஏரியிலிருந்து தண்ணீர் வேகமாக வெளியேறினால் வாய் ஆழமாகும். கோடையில் அந்த வேகம் குறைந்ததும் மணல் சேர்ந்து தூர்ந்துபோகும், சில ஆண்டுகளில் அடைத்தே விடும். ஆக, போன மாதம் மூத்தவர் ஒருவர் காட்டிய வழி இந்த மாதம் இல்லாமல் போகலாம். ஜிபிஎஸ்-இல் பதிந்து வைத்த பாதையும் அப்படித்தான். இரவில் வாய்க்கு நேராக வந்து சேர அது உதவும். உள்ளே ஆழமான கால் (படகு போகும் நீர்வழி) எங்கே ஓடுகிறது என்று அது சொல்லாது.

வாய்க்கு வெளியே மணல் பிறை மாதிரிக் குவிந்திருக்கும். அலை உடைவது அங்கேதான். ஒரு அலை தன் உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழம் வரும்போது மடங்கி உடையும். 1 மீட்டர் அலை 1.3 மீட்டர் தண்ணீரில் உடையும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடல் நிலையை முன்னறிவிக்கும் இன்காய்ஸ் நிறுவனத்தின் அறிவிப்பில் அலை உயரம் 1 மீட்டர் என்று போட்டிருந்தால் எல்லா அலையும் 1 மீட்டர் என்று பொருள் இல்லை. வருகிற அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. சில மணி நேரத்துக்குள் அதைப்போல 1.8 மடங்கு, சில சமயம் 2 மடங்கு அலையும் வரும். அந்த 1.8 மீட்டர் அலை 2.3 மீட்டர் தண்ணீரிலேயே உடையும். வாய்க்கு வெளியே உள்ள அந்த மணல் திட்டின் மேல் 2 மீட்டர் தண்ணீர் நின்றால் பெரும்பாலான நேரம் வாய் சாதுவாகத் தெரியும். கால் மணிக்கு ஒருமுறை மட்டும் முழு அகலத்துக்கும் வெள்ளையாக உடையும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு “ஒண்ணும் இல்ல, போலாம்” என்று கிளம்பினால் மாட்டிக்கொள்வது இதில்தான். குறைந்தது 20 நிமிடம், முடிந்தால் அரை மணி நேரம் நின்று பாருங்கள்.

இரண்டாவது விஷயம் நீர் ஓடும் திசை. கடல் தண்ணீர் ஏரிக்குள் ஏறும்போது அலையும் ஓட்டமும் ஒரே பக்கம் போவதால் அலை நீண்டு தணிந்திருக்கும். ஏரித் தண்ணீர் கடலுக்குப் பாயும்போது அலை எதிர் ஓட்டத்தில் முட்டும். ஒன்றுக்கொன்று நெருங்கி, சுவர் மாதிரி நிமிர்ந்து, ஆழமான இடத்திலேயே உடையும். அதே அலை, அதே காற்று, ஆறு மணி நேர வித்தியாசத்தில் கடல் வேறு முகம் காட்டும். சின்னப் படகுக்கு எந்த நாளும் ஒரே விதி: வெளியே போவதும் உள்ளே வருவதும் தண்ணீர் ஏறும்போது, அல்லது ஏறி நிற்கும்போது. வெளியே பாயும் நீர் படகைத் தள்ளிவிடும், எண்ணெய் மிச்சம் என்று வற்றும்போது புறப்படுகிறவர்கள் உண்டு. அமைதியான நாளில் அது பலிக்கும். பலிக்காத நாளில் அலை உடையும் இடத்துக்கே படகைக் கொண்டுபோய் விடுவதும் அதே நீர்தான். நடுவில் மனம் மாறினாலும் திரும்ப விடாது.

சென்னைக்கான ஓத அட்டவணையில் (கடல் மட்டம் ஏறி இறங்கும் நேரப் பட்டியலில்) உயர் ஓதம் 9.40 என்று இருந்தால், அதே நேரத்தில் முகத்துவாரத்தில் ஓட்டம் நிற்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏரி பெரியது, வாய் சின்னது. கடல் மட்டம் இறங்கத் தொடங்கிய பிறகும் ஏரி நிரம்பாமல் இருப்பதால் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். எவ்வளவு நேரம் என்பது வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது, வாய் தூர்ந்தால் தாமதம் கூடும். நீங்களே அளக்கலாம். வாய்க்கு உட்புறம் நங்கூரம் போட்டு நின்று, காய்ந்த தேங்காய் மட்டை ஒன்றை அணியத்துக்கு (படகின் மூக்குக்கு) முன்னால் தண்ணீரில் விடுங்கள். 28 அடி என்பது 8.5 மீட்டர். மட்டை படகின் நீளத்தைக் கடக்க எட்டு ஒன்பது நொடி ஆனால் ஓட்டம் நொடிக்கு 1 மீட்டர், அதாவது மணிக்கு 3.6 கிலோமீட்டர். நான்கு நொடியில் கடந்தால் அதைப்போல இரண்டு மடங்கு. அந்த வேகத்தில் வெளியே பாய்கிறது என்றால் அன்றைக்கு வீட்டுக்குப் போய்விடலாம். நவம்பர், டிசம்பரில் ஆரணியாற்று வெள்ளம் ஏரியில் இறங்கும் நாட்களில் ஏற்றம், வற்றம் என்ற கணக்கே எடுபடாது. பகலும் இரவும் வெளியேதான் பாயும், கலங்கல் தண்ணீரில் மரக்கட்டையும் வரும்.

இனி நாளைத் தேர்ந்தெடுப்பது. ஒரு உதாரணம். காலை 3.30க்குத் தாழ் ஓதம், 9.40க்கு உயர் ஓதம், மாலை 4 மணி வாக்கில் மறுபடி தாழ் ஓதம் உள்ள நாளை எடுத்துக்கொள்வோம். விடியும் நேரம் 6 மணிக்கு ஏற வேண்டிய தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே ஏறியிருக்கும். கரைக்காற்று இன்னும் இருக்கும், கடல் படுத்திருக்கும், வெளிச்சம் வந்திருக்கும். 6க்கு வெளியே போய், 9.30-க்கும் 10.30-க்கும் இடையில் திரும்பினால் திட்டின் மேல் அன்றைய அதிகபட்ச ஆழம் இருக்கும், ஓட்டமும் உள்நோக்கி இருக்கும், கடல்காற்று எழும்பியிருக்காது. மூன்று நாலு மணி நேரத் தொழில்தான். புதிதாகப் போகிறவருக்கு அது போதும். இதற்கு மாறாக, 6 மணிக்கு உயர் ஓதம் உள்ள நாளில் போவது ரொம்ப வசதியாகத் தோன்றும். ஆனால் பன்னிரண்டு மணிக்கு மேல் திரும்பும்போது தண்ணீர் அடியில் இருக்கும், வெளியே பாய்ந்துகொண்டிருக்கும், கடல்காற்றும் தூக்கிவிட்டிருக்கும். மூன்று கெட்டதும் ஒன்றாகச் சேரும் நேரம் அது. ஓதம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் ஒரு பட்சத்தில் நான்கைந்து நாள்தான் உங்களுக்குத் தோதாக அமையும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், ஓட்டமும் அதிகம். அட்டமியை ஒட்டி இரண்டும் குறைவு. முதல் சில தடவைக்கு அட்டமிப் பக்கம் போவதே நல்லது.

முன்னறிவிப்பில் காற்றை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். பெருங்கடலின் தெற்கே எங்கோ எழுந்த அலை, காற்றே இல்லாத தெளிந்த நாளில் இங்கே வந்து சேரும். கேரளத்திலும் குமரியிலும் கள்ளக்கடல் என்பார்கள். அலைக்கும் அலைக்கும் இடையிலான நேரம் 12 நொடிக்கு மேல் என்று அறிவிப்பில் இருந்தால், உயரம் 1 மீட்டருக்குள் இருந்தாலும் திட்டின் மேல் அது எழும்பி உடையும். இந்தப் படகுக்கும் உங்கள் பழக்கத்துக்கும் என் அளவு: 1 மீட்டருக்கு மேல் போட்டிருந்தால் முகத்துவாரம் வேண்டாம். ஓரிரு வருடம் போனபின் நீங்களே உங்கள் அளவை வைத்துக்கொள்ளலாம்.

ஆழம் பார்க்க மின்கருவி தேவையில்லை. ஏரியில் தள்ளும் கழியில் அரை மீட்டருக்கு ஒரு கோடு வண்ணம் பூசிக்கொள்ளுங்கள். அலை இல்லாத ஒரு நாளில், தண்ணீர் ஏறத் தொடங்கிய நேரத்தில், தினமும் போய்வரும் ஒருவருடைய படகின் பின்னால் போய்க் குத்திப் பாருங்கள். ஏறத் தொடங்கும்போது என்பதற்குக் காரணம், தரை தட்டினாலும் தண்ணீர் வந்து தூக்கிவிடும்; வற்றும்போது தட்டினால் ஆறு மணி நேரம் அங்கேதான். சுமையேற்றிய படகில் புரொப்பல்லரின் அடி நுனி தண்ணீரில் முக்கால் மீட்டருக்குக் குறையாமல் இறங்கியிருக்கும். அலையின் பள்ளத்தில் தண்ணீர் இன்னும் அரை மீட்டர் குறையும். கைவசம் ஒரு முழம் சேர்த்தால், 1 மீட்டர் அலையில் 1.7 மீட்டருக்குக் குறைவான கால் உங்களுக்கானது இல்லை.

மோட்டார் விஷயத்தில் ஒரு பழைய புதிர் உண்டு: ஏரியில் ஒழுங்காக ஓடுவது முகத்துவாரத்தில் மட்டும் ஏன் நிற்கிறது? ஒரு காரணம், எரிபொருள் டேங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகு. அதைத் திறக்காமல் கிளம்பினால் மோட்டார் உடனே நிற்காது. டேங்கில் வெற்றிடம் உண்டாகிப் பத்து நிமிடம் ஓடிய பிறகு நிற்கும். பத்து நிமிடத்தில் நீங்கள் எங்கே இருப்பீர்கள்? அடுத்தது, டேங்கின் அடியில் தங்கியிருக்கும் தண்ணீரும் கசடும். ஏரியில் ஆட்டம் இல்லாததால் அடியிலேயே கிடக்கும்; முதல் நாலு அலையில் கலங்கிக் குழாய்க்குள் போகும். வாரம் ஒருமுறை டேங்கைக் கவிழ்த்துச் சுத்தம் செய்யுங்கள், தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி ஒன்று பொருத்துங்கள். இன்னொன்று மணல். ஆழம் குறைந்த இடத்தில் நின்று மோட்டாரை ஓட்டினால் மணல் கலந்த தண்ணீரை உறிஞ்சி, குளிர்விக்கும் பம்பின் ரப்பர் விசிறி தேய்ந்துவிடும். பின்னால் தண்ணீர் பீச்சும் துளையை அடிக்கடி பாருங்கள். நூலாகச் சொட்டினால் உள்ளேயே நின்றுவிடுங்கள். டூ-ஸ்ட்ரோக் மோட்டாரில் எரிபொருள் 50க்கு ஆயில் 1 என்றால் 25 லிட்டருக்கு அரை லிட்டர் ஆயில். கண்ணளவில் ஊற்றிப் பிளக் கருகுவதும் இங்கே சகஜம். மாற்றுப் பிளக் இரண்டு, ஸ்பேனர், இழுக்கும் கயிறு, புரொப்பல்லரை மாட்டும் ஊசி (பின்) இரண்டு, வலை சுற்றினால் அறுக்க மோட்டார் பக்கத்திலேயே கட்டிய கத்தி எல்லாம் இருக்க வேண்டும். மோட்டாரை அணைக்கும் சிவப்புக் கயிறு தொந்தரவு என்று பலர் அதை மோட்டாரிலேயே கட்டிப் போட்டுவிடுகிறார்கள். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் படகு ஆளில்லாமல் வட்டமடித்து அவர் மேலேயே வரும். அது மணிக்கட்டில்தான் இருக்க வேண்டும்.

வலையைப் படகின் நடுவில் தாழ்வாக வைத்து மேலே கயிறு போட்டுக் கட்டுங்கள். அணியத்தில் வைத்தால் மூக்கு அலைக்குள் குத்தும். பின்னால் வைத்தால் மூக்கு தூக்கிக் காற்று திருப்பிவிடும். கட்டாத வலை ஒரு சாய்வில் ஒரே பக்கமாகச் சரியும், அந்த ஒரு சரிவு போதும் படகு கவிழ. ஐஸ் பெட்டியும் அப்படியே. ஆட்கள் நடுவில் உட்கார வேண்டும், நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. லைஃப் ஜாக்கெட் பெட்டியில் இருந்தால் இல்லாததற்குச் சமம். கிளம்பும் முன்னே மாட்டி, கால் இடுக்கு வாரையும் பூட்டிக்கொள்ள வேண்டும். லுங்கியை மடித்து உள்ளே வைத்துவிட்டு அரைக்கால் சட்டையில் வாருங்கள். தண்ணீரில் லுங்கி காலைப் பின்னிவிடும்.

வெளியே போகும்போது: அலை எட்டாத உட்புறத்தில் மோட்டாரை ஐந்து நிமிடம் சூடேற்றுங்கள். அலை கூட்டமாக வரும். பெரியது சில வந்தபின் கொஞ்ச நேரம் தணியும். அந்தத் தணிவு எத்தனை நொடி என்று நாலைந்து முறை எண்ணுங்கள். உடையும் பகுதி 150 மீட்டர் என்று வையுங்கள். படகு நொடிக்கு 3 மீட்டர் போகும், உள்ளே வரும் ஓட்டம் 1 மீட்டரைத் தின்றுவிடும், மிச்சம் 2. கடக்க 75 நொடி. தணிவு 60 நொடிதான் என்றால் கணக்கு உதைக்கிறது, போகாதீர்கள். இடம் இருந்தால், கூட்டத்தின் கடைசி அலை உடைந்து நுரை வந்ததுமே அதன் பின்னால் கிளம்புங்கள். அணியம் அலைக்கு நேராக, சாய்ந்தால் பத்து டிகிரிக்குள். பள்ளத்தில் திராட்டிலைக் கூட்டி, உச்சி வருமுன் கொஞ்சம் குறையுங்கள். குறைக்காவிட்டால் படகு பறந்து அடுத்த பள்ளத்தில் அடியோடு மோதும், புரொப்பல்லரும் காற்றில் அலறும். பயந்து முழுக்க அணைத்தாலோ அலை மூக்கைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். உடையும் பகுதிக்குள் போன பிறகு திரும்புவது என்ற பேச்சே கிடையாது. குறுக்கே நிற்கும் அந்த மூன்று நொடியில்தான் படகு கவிழ்கிறது.

உள்ளே வரும்போது உடையும் இடத்துக்கு 300 மீட்டர் வெளியே நிறுத்துங்கள். கடல் பக்கமிருந்து பார்த்தால் அலையின் முதுகுதான் தெரியும், உடையும் முகம் தெரியாது. உண்மையைவிடச் சின்னதாகவே தோன்றும். கரையில் ஒருவரை நிறுத்தி செல்போனில் கேட்பது அவமானமில்லை. 2 மீட்டர் ஆழத்தில் அலை மணிக்கு 16 கிலோமீட்டர் ஓடுகிறது. மீனேற்றிய உங்கள் படகு 12. அலையோடு போட்டி போட முடியாது. அதனால் பெரிய கூட்டத்தின் கடைசி அலையை முன்னே விட்டு, அதன் முதுகிலேயே முழு வேகத்தில் வாருங்கள். அதை முந்தி முகத்தில் இறங்கினால் அணியம் பள்ளத்தில் குத்தும், பின்பக்கத்தை அலை சுழற்றும், படகு குறுக்கே விழுந்து புரளும். இங்கே நடக்கும் கவிழ்வு பெரும்பாலும் இந்த வகை. பின்னாலிருந்து ஒன்று எட்டிப்பிடித்தால் ஆட்கள் பின்பக்கம் சாய வேண்டும், பின்பக்கம் அலைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், திராட்டிலை விடக் கூடாது. மோட்டார் தள்ளும் வரைக்கும்தான் திருப்பும் பிடி உங்கள் கையில். 20 மீட்டர் தடித்த கயிற்றில் வாளியைக் கட்டிப் பின்னால் இழுத்துவந்தால் பின்பக்கம் அலைக்கு நேராக நிற்கும். ஆனால் கயிறு புரொப்பல்லருக்கு எட்டாதபடி ஓரத்தில் கட்டிப் பழகியிருக்க வேண்டும். முதல்முறை முயல்வதற்கான இடம் முகத்துவாரம் இல்லை.

வாய் மோசமாக இருந்தால்? வெளியே நங்கூரம் போட்டு அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருக்கலாம். அல்லது தெற்கே சுமார் 20 கடல் மைலில் சென்னையின் காசிமேடு இருக்கிறது, அலைத்தடுப்புக்குள் உள்ள துறைமுகம். எரிபொருளை அதை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். தொழிலிடத்துக்கு ஒரு மணி, திரும்ப ஒரு மணி, காசிமேட்டுக்கு மூன்று மணி. முழு ஓட்டத்தில் மணிக்கு 5 லிட்டர் என்றால் 25 லிட்டர். எதிர்க்காற்றுக்கும் எதிர் நீரோட்டத்துக்கும் இன்னும் 10. ஆக 35 லிட்டர், இரண்டு கேனாகப் பிரித்து. 15 லிட்டரோடு போகிறவருக்கு முகத்துவாரத்தில் நுழைவதைத் தவிர வழியில்லாமல் போகிறது. கூடவே குடிதண்ணீரும் டார்ச்சும்.

வாய்க்குள் மோட்டார் நின்றுவிட்டால் கயிற்றை இழுத்து இழுத்து நேரத்தை வீணாக்காமல் முதலில் நங்கூரத்தை அணியத்திலிருந்து விடுங்கள். பின்பக்கத்திலிருந்து விட்டால் அலை நேராக உள்ளே ஏறும். 8 கிலோ நங்கூரம், 3 மீட்டர் சங்கிலி, 40 மீட்டர் கயிறு, சிக்கில்லாமல் சுருட்டித் தயாராக. படகு கவிழ்ந்தால் அதை விடாதீர்கள், ஆனால் கடல் பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கரைப் பக்கம் நின்றால் அடுத்த அலை படகையே உங்கள் மேல் வீசும். கடலோரக் காவல்படை எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ் 1093, விஎச்எஃப் வானொலிக் கருவி இருந்தால் 16ஆம் சேனல். போன் தண்ணீர் புகாத பையில், கழுத்தில்.

வாயில் கல்கரை இருந்தால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று பேச்சு உண்டு. வாய் அடைபடாமல் இருக்க அது உதவும். ஆனால் திருவனந்தபுரம் மாவட்டத்து முதலப்பொழியில் இரு பக்கமும் கல்சுவர் இருந்தும் வாயில் மணல் சேர்ந்து, படகுகள் கவிழ்ந்து பலர் இறந்திருக்கிறார்கள். கல்லில் மோதித் திரும்பும் அலை இன்னொரு தலைவலி. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் இந்தக் கடலுக்குப் போகத் தடை; அறிவிப்பு ஊருக்கு முன்னமே வந்துவிடும், உங்கள் ஓதக் கணக்கில் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கரை சேர்ந்ததும் மோட்டாரை நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் ஓட்டி, பீச்சும் துளையில் மணல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அடுத்த நாள் போகுமுன் பம்பைக் கழற்றி ரப்பர் விசிறியைப் பார்த்துவிட வேண்டும்.